கொழும்பில் வீட்டுச் சாப்பாடு விற்கலாமா? பதிவு முதல் பார்சல் வரை

சீனிச் சம்பல் விற்கலாம் என்று முடிவெடுத்ததும் நான் முதலில் செய்த வேலை லேபிள் அச்சடித்தது. வெள்ளவத்தையில் ஒரு அச்சகத்தில் ஆயிரம் ஸ்டிக்கர். பொன்னிற எழுத்து, மூலையில் ஒரு குட்டி வெங்காயம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் விலாசம் இல்லை, தொகுதி இலக்கம் (எந்தத் தடவை சமைத்தது என்று காட்டும் இலக்கம்) எழுத இடமில்லை, உள்ளே மாசிக் கருவாடு இருக்கிறது என்ற சொல்லே இல்லை. கடைசியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிகளில் ஒட்டித்தான் அவற்றைத் தீர்த்தோம்.

பெரும்பாலானோர் என்னைப் போலவே கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள். பெயர், லோகோ, பேஸ்புக் பக்கம், அப்புறம் ஓடர், அதற்கும் அப்புறம் யாராவது கேட்டால் பதிவு. இதைத் திருப்பிப் போடுங்கள். எதை விற்பது என்று முடிவெடுங்கள், சமையலறையைச் சரிசெய்யுங்கள், பி.எச்.ஐ. எனும் பொதுச் சுகாதார பரிசோதகரைப் பாருங்கள், பிறகு பெயர், கடைசியாக லேபிள். கீழே இருப்பதும் அந்த ஒழுங்குதான்.

எதை விற்பது

வீட்டில் நன்றாக வருவதையெல்லாம் விற்க முடியாது. அறை வெப்பத்தில் நாட்கணக்கில் தாங்கும் உணவு ஒரு வகை: முறுக்கு, பயற்றம் பணியாரம், மிளகாய்த்தூள், மோர் மிளகாய், வடகம். இவற்றில் ஈரம் குறைவு, கிருமி பெருக வழியும் குறைவு. அன்றன்றே முடிய வேண்டியது இன்னொரு வகை: சோற்றுப் பார்சல், புரியாணி, இடியப்பம் சொதி, தேங்காய்ச் சம்பல், கிரீம் வைத்த கேக். இரண்டுக்கும் நடுவில் போத்தல் உணவு நிற்கிறது: சீனிச் சம்பல், அச்சாறு, கோர்டியல். பார்க்கக் காய்ந்த பலகாரம் போல ஆபத்தில்லாததாகத் தெரியும், ஆனால் எல்லாவற்றிலும் அதிகம் படிக்க வேண்டியது இதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதம் முதல் வகையோடு நில்லுங்கள் என்பேன். புரியாணியில் காசு சீக்கிரம் வரும் என்பது உண்மை. வம்பும் அதே வேகத்தில் வரும்.

சமையலறை

தனிக் கட்டடம் தேவையில்லை. ஆனால் குடும்பத்துக்குச் சமைக்கும் நேரமும் விற்பனைக்குச் சமைக்கும் நேரமும் கலக்கக் கூடாது. எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு முடிந்து மேசை துடைத்த பிறகுதான் வியாபார அடுப்பு எரியும். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கும் பூனைக்கும் உள்ளே இடமில்லை.

கழுவித் துடைக்கக்கூடிய சுவரும் தரையும், யன்னலுக்கு ஈ வலை, மூடியுள்ள குப்பை வாளி, பாத்திரம் கழுவும் இடம் தவிர கை கழுவ ஓர் இடமும் சவர்க்காரமும், இறைச்சிக்கும் மரக்கறிக்கும் வெவ்வேறு வெட்டுப் பலகை: அடிப்படை இவ்வளவுதான். தொடர்மாடியில் இருப்பவர்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். குழாய் நீர் சுத்தமாக வந்தாலும் தாங்கியில் தங்கித்தான் உங்கள் சட்டிக்கு வருகிறது. அதோடு, வீட்டில் வியாபாரம் நடத்த தொடர்மாடி நிர்வாகத்தின் விதிகள் இடம் கொடுக்கின்றனவா என்றும் பாருங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அது கைகொடுக்கும்.

வாங்க வேண்டிய ஒரே புதுச் சாமான் உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி. ஒரு குவளை நிறைய ஐஸ்கட்டி போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் முனையை வைத்துப் பாருங்கள். பூச்சியம் காட்டினால் நம்பலாம்.

பி.எச்.ஐ.யிடம் நீங்களே போங்கள்

இலங்கையில் உணவுக்கு அடித்தளச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். அதன் கீழ்தான் 2011இன் உணவுச் சுகாதார ஒழுங்குவிதிகளும், உணவு தயாரிக்கும் இடங்களைப் பதிவு செய்வதற்கான 2019இன் ஒழுங்குவிதிகளும் வந்தன. வீட்டுச் சமையலறைதானே, கடையில்லையே என்று விலகிக்கொள்ள முடியாது. விற்பதற்கு உணவு தயாரித்தால் அது உணவு தயாரிக்கும் இடம்தான்.

பதிவு நடப்பது உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், எல்லோரும் எம்.ஓ.எச். ஒபிஸ் என்று சொல்வது அதைத்தான். உங்கள் பகுதி எது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கொட்டாஞ்சேனை, மருதானை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எல்லாம் கொழும்பு மாநகர சபைக்குள். வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளைக்குள் கால் வைத்தால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. கொலன்னாவைக்கு வேறு சபை. வத்தளை என்றால் மாவட்டமே கம்பஹா. ஒரே பேருந்தில் போய்வருகிற இடங்கள்தான், ஆனால் பிழையான பணிமனையில் அரை நாள் நின்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். சந்தேகமென்றால் 1919க்கு அழையுங்கள். அரசாங்கத் தகவல் நிலையம், தமிழிலும் பதில் சொல்வார்கள்.

விண்ணப்பித்தால் பொதுச் சுகாதார பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ., வீட்டுக்கு வந்து பார்ப்பார். கையில் எச் 800 என்ற படிவம் இருக்கும். கட்டடம், தண்ணீர், கழிவு, சேமிப்பு, ஆட்களின் சுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டிவரும் புள்ளியைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் அடுப்பைப் பார்க்கவே இல்லை. நேரே தொட்டிக்குக் கீழுள்ள அலுமாரியைத் திறந்தார். அங்கே பினாயில் போத்தலும் தேங்காயெண்ணெய்ப் போத்தலும் அருகருகே நின்றன. ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அடுத்தது பிரிட்ஜ். மேல் தட்டில் கோழி, பையின் ஓரத்தில் ஒரு துளி நீர் திரண்டு நின்றது. நேர் கீழே கழுவி வைத்த வல்லாரை. அவர் அந்தத் துளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து பச்சை இறைச்சியும் மீனும் எங்கள் வீட்டில் அடித்தட்டில், மூடிய பாத்திரத்தில். கதவுப் பிடியில் தொங்கிய கைத்துவாயைக் காட்டி, "இதில் கை துடைப்பீர்களா, சட்டி துடைப்பீர்களா அக்கா?" என்று கேட்டார். இரண்டும் துடைப்போம் என்று உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டு அதையும் எழுதினார்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். சின்னத் திருத்தங்களுக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை. செய்து காட்டினால் போதும். முறைப்பாடு வந்து அவர் உங்களைத் தேடி வருவதற்கும், நீங்களாகவே போய் அழைத்து வருவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சமைக்கும் எல்லோருக்கும் மருத்துவச் சான்று வேண்டும். நெருப்புக்காய்ச்சல் எனப்படும் டைபொயிட்டுக்கான தடுப்பூசியையும் அதே பணிமனையில் கேளுங்கள். உணவு கையாளுகிறவர்களுக்கு அதைப் போடுவார்கள், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். உதவிக்கு வரும் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். வயிற்றோட்டம், கையில் சீழ்ப் புண் உள்ள நாளில் யாரும் சமைக்கக் கூடாது, முதலாளியும்தான்.

பெயர், அனுமதிப்பத்திரம், வரி

இந்தப் பகுதி பலர் பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல.

உங்கள் சொந்தப் பெயரல்லாத ஒரு பெயரில் வியாபாரம் செய்வதென்றால் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். தொடங்கும் இடம் உங்கள் பிரதேச செயலகம். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கிருலப்பனைக்காரருக்குத் திம்பிரிகஸ்யாய. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்தவருக்குக் கொழும்பு. தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் சான்று, வீட்டு உறுதி அல்லது வாடகை ஒப்பந்தத்தின் பிரதி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குங்கள், தயங்கத் தேவையில்லை. இந்தப் பதிவு கையில் இருந்தால் வங்கியில் வியாபாரக் கணக்குத் திறக்கலாம். ஊபர் ஈட்ஸ், பிக்மீ போன்றவற்றில் சேரப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்தது மாநகர சபையின் வியாபார அனுமதிப்பத்திரம். வீட்டின் ஆண்டுப் பெறுமதியையும் தொழில் வகையையும் பார்த்துக் கட்டணம் போடுவார்கள். ஆதன வரி நிலுவை இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். இந்தப் பத்திரம் டிசம்பர் 31ஓடு முடிந்துவிடும், ஒக்டோபரில் எடுத்தாலும் அப்படித்தான். ஆகவே ஆண்டுக் கடைசியில் தொடங்குகிறவர்கள் ஜனவரி வரை பொறுப்பது நல்லது.

நிறுத்து விற்பவர்கள் மறந்துவிடும் ஒன்று தராசு. வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசை ஆண்டுதோறும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்திடம் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். கேக் செய்ய வாங்கிய குட்டி டிஜிட்டல் தராசு இதற்கு உதவாது.

வரிக்கு, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் டின் எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுங்கள். வருமானம் இல்லாவிட்டாலும் 18 வயதைத் தாண்டியவர்கள் எடுக்க வேண்டியதுதான். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் வரிவிலக்கு ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய், எனவே சிறிய அளவில் செய்கிறவர்கள் பலருக்குக் கட்ட ஒன்றும் இராது. ஆனாலும் வரவு செலவுக் கொப்பி ஒன்றை முதல் நாளே திறந்துவிடுங்கள்.

சட்டியும் மணிக்கூடும்

பத்திரங்களை ஒரு மாதத்தில் எடுத்துவிடலாம். இனி வருவது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியது.

5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் உணவு இருக்கும் நேரமெல்லாம் கிருமிக்குக் கொண்டாட்டம். கொழும்பின் அறை வெப்பம் 30ஐச் சுற்றி. அந்தச் சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சமைத்த உணவு இந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுடச்சுட 60க்கு மேல் வையுங்கள், இல்லாவிட்டால் 5க்குக் கீழே இறக்குங்கள்.

"நல்லாச் சூடாக்கினால் எல்லாம் செத்துப்போகும்" என்று நம்மவர்கள் சொல்வார்கள். பாதிதான் சரி. சோற்றில் பசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வடித்த சோறு மேசையில் ஆறிக் கிடக்கும்போது முளைத்து நஞ்சை விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. காலையில் வடித்த சோற்றை மத்தியானப் பார்சலுக்கு வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். மீனிலும் இப்படி ஒன்று உண்டு. சூரை, கெலவல்லா, பலயா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை இடிக்கும். அதையும் எந்த நெருப்பும் அழிக்காது. மீனைச் சந்தையில் வாங்கும்போதே ஐஸ் பெட்டியோடு போங்கள்.

பெரிய சட்டியில் வைத்த இறைச்சிக்கறி இன்னொரு பொறி. மேலே ஆறினாலும் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். சட்டியோடு பிரிட்ஜில் வைத்தால் கறியும் ஆறாது, பிரிட்ஜும் சூடாகிவிடும். அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். தட்டைத் தண்ணீரும் ஐஸும் உள்ள பேசினில் வைத்துக் கிளறுங்கள். 60இலிருந்து 21 பாகைக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5க்கு இன்னும் நாலு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும். திரும்பச் சூடாக்கினால் நடுவில் 75ஐத் தொடட்டும், அதுவும் ஒருமுறை மட்டும்.

மின்வெட்டு வந்தால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். அப்போது எனக்கு ஐந்து கிலோ கோழி போனது. மூடிய பிரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஆழ்குளிர்ப்பெட்டி இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். திறந்து திறந்து பார்த்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும். நான் ஒரு சின்னக் குவளையில் தண்ணீர் உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருக்கிறேன். நாணயம் அடியில் கிடந்தால், நான் வீட்டில் இல்லாதபோது எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

போத்தலில் அடைப்பவர்களுக்கு

சீனிச் சம்பல் கெடாமல் இருப்பது எண்ணெயால் என்று நானும் நினைத்திருந்தேன். வெங்காயத்தின் நீர் வற்றுவதும், சீனியும் உப்பும் மிச்ச ஈரத்தைப் பிடித்துக்கொள்வதும், புளியும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. எண்ணெய் காற்றை மறைப்பது நன்மைபோலத் தெரியும், ஆனால் காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலினம் கிருமிக்கு அதுவே வசதி. பச்சை உள்ளியை எண்ணெயில் ஊறப்போட்டு அறை வெப்பத்தில் வைத்து விற்பதை இதனால்தான் செய்யவே கூடாது. புளிப்பு கூடி, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. வினாகிரியில் போட்ட அச்சாறு பெரும்பாலும் இதனால் தப்பிவிடுகிறது.

வெங்காயத்தைச் சின்னத் தீயில், கரண்டியால் அழுத்தினாலும் நீர் கசியாத நிலை வரும் வரை வதக்குங்கள். போத்தலையும் மூடியையும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, கவிழ்த்து உலரவிட்டு, சூட்டோடு அடையுங்கள். ஈரக் கரண்டி ஒன்று போதும், முழுச் சட்டியும் பூஞ்சணம் பிடிக்க.

எத்தனை நாள் தாங்கும் என்பதை அயல் வீட்டு மாமி சொன்னார் என்று போடாதீர்கள். கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஆய்வுகூடத்தில் பி.எச். அளவையும் கிருமிச் சோதனையையும் பணம் கட்டிச் செய்விக்கலாம். கடைகளுக்குப் போடும் எண்ணம் இருந்தால் அந்தச் செலவைத் தவிர்க்கவே முடியாது. இலங்கைக் கட்டளைகள் நிறுவகத்தின் எஸ்.எல்.எஸ். இலச்சினை வேறு விஷயம், வீட்டுப் பலகாரத்துக்கு அது கட்டாயமில்லை. ஆனால் வாங்காமல் போட்டால் குற்றம்.

இப்போது லேபிள்

2005இன் லேபிள் விதிகளுக்குப் பிறகு 2022 விதிகள் வந்திருக்கின்றன. லேபிளில் இருக்க வேண்டியவை: உணவின் பொதுப் பெயர், சேர்மானங்கள் எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை, நிகர எடை, தயாரித்தவரின் பெயரும் விலாசமும், தொகுதி இலக்கம், தயாரித்த திகதி, காலாவதித் திகதி, நிறமூட்டியோ பாதுகாப்புப் பதார்த்தமோ சேர்த்திருந்தால் அதன் விவரம், உச்ச சில்லறை விலை. கொழும்பில் விற்பதென்றால் மூன்று மொழியிலும் போடுங்கள். சிங்களத்தைத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். இணையத்து மொழிபெயர்ப்பை அப்படியே போட்டு ஒருவர் பட்ட பாடு பெரிய கதை.

ஒவ்வாமை தரும் பொருள்களைத் தெளிவாக எழுதுங்கள்: கச்சான், கஜு, எள், பால், முட்டை, கோதுமை, இறால், மீன். மாசியும் மீன்தான். இது ஒவ்வாமைக்கு மட்டுமல்ல. வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவர், கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர் உங்கள் சீனிச் சம்பலை நம்பிப் பாணில் பூசிவிட்டுப் பிறகு அறிந்தால், எந்தச் சட்டமும் உங்களைக் காப்பாற்றாது. நான் மாசி போட்டதற்குச் சிவப்பு மூடி, போடாததற்குப் பச்சை மூடி வைத்திருக்கிறேன். சட்டி, கரண்டி எல்லாமே தனி.

குரக்கன் மா, சத்துமா விற்பவர்கள் "நீரிழிவைக் குணமாக்கும்" என்று போட ஆசைப்படுவார்கள். நோய் தீர்க்கும் என்று உணவு லேபிளில் எழுத முடியாது. கோர்டியல், ஜூஸ் செய்பவர்களுக்கு 2016இலிருந்து நிறக் குறியீடும் உண்டு. 100 மில்லிலீட்டரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை அம்பர், 2க்குக் கீழ் பச்சை.

முதல் தடவை ஐம்பது லேபிளுக்கு மேல் அடிக்காதீர்கள்.

பார்சல்

பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பர் முதல் தடை. பிளாஸ்டிக் கரண்டி, முள்ளுக்கரண்டி, உறிஞ்சு குழாய், ஒருமுறை பாவித்து எறியும் இடியப்பத் தட்டு இவையெல்லாம் 2023 ஒக்டோபரிலிருந்து தடை. அச்சு மை படிந்த பத்திரிகைத் தாளில் வடை சுற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வாழையிலையைத் துடைத்து, தணலில் ஒரு வாட்டு வாட்டினால் கிழியாது, மணமும் வரும். அதைச் சுற்றக் கடதாசி.

நேரத்தைப் பின்னிருந்து கணக்கிடுங்கள். 12.30க்குக் காரியாலயத்தில் பார்சல் இருக்க வேண்டுமென்றால், சோறு அடுப்பிலிருந்து இறங்குவது 11.15க்கு முன்பாக இருக்கக் கூடாது. காலி வீதி நெரிசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்சல் கொண்டுபோகும் பையன் அல்லது த்ரீவீல்காரரிடம் மூடியுள்ள குளிர்காப்புப் பெட்டி இருக்கட்டும். சூடானதையும் கிரீம் கேக்கையும் ஒரே பெட்டியில் அனுப்பாதீர்கள்.

யாராவது வயிற்றுவலி என்று அழைத்தால்

ஒருநாள் மாலை ஒரு தம்பி அழைத்தார். மத்தியானப் பார்சல் சாப்பிட்டு வாந்தி என்றார். எனக்குக் கை நடுங்கியது. நான் ஒவ்வொரு சமையலிலும் ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்துத் திகதி எழுதி, பிரிட்ஜில் மூன்று நாள் வைப்பேன். கொப்பியில் எதை எங்கே வாங்கினேன், எத்தனை மணிக்கு இறக்கினேன், வெப்பம் எவ்வளவு, யாருக்குப் போனது என்று எழுதுவேன். கொப்பியைப் பார்த்தேன்: சோறு 11.20, பொதி கட்டியது 11.40, கொடுத்தது 12.25. அன்று வாங்கிய மற்ற பதினாறு பேருக்கும் நானே அழைத்தேன். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தம்பியிடம் திரும்பக் கேட்டேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று. கூட்டம் நீண்டதால் நாலரைக்குச் சாப்பிட்டாராம், பார்சல் அதுவரை காரின் பின் சீட்டில்.

முதலில் வைத்தியரிடம் போகச் சொன்னேன். காசைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பி.எச்.ஐ.க்கு நானே அழைத்துச் சொன்னேன். டப்பாவை எடுத்து வையுங்கள், எறிய வேண்டாம் என்றார்.

அந்த வாரமே ஒரு சின்ன ஸ்டிக்கர் அடித்தேன், ஐம்பதுதான். பார்சலின் மேல் "பி.ப. 1.15க்கு முன் சாப்பிடவும்" என்று மூன்று மொழியில்.